கழுத்துக்குள் ஒரு குதிர்ச்சாவி

1834இல் இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகம் லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,000 பவுன் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு சின்ன ஜமீனின் வருமானம். பதினைந்து ஆண்டுகள் லண்டன் குளிரில் நின்று, மனிதர்களுக்கு வேடிக்கை காட்டி, 1849 நவம்பரில் அது செத்துப்போனது. அத்தனை விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா புதைக்க மனம் வருமா? உடற்கூறு வல்லுநர் ரிச்சர்ட் ஓவனிடம் சடலம் போனது.

ஓவன் அவசரப்படாத ஆள். குளிர்காலம் முழுக்க அதை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தார். உடைந்த விலா எலும்பு ஒன்று நுரையீரலில் குத்தியதே சாவுக்குக் காரணம் என்று கண்டார். கழுத்துக்கு வந்தபோது, தைராய்டு சுரப்பியிலிருந்து ரத்தக் குழாய்கள் வெளியேறும் இடத்தில் மஞ்சள் நிறத்தில், சிறியதாக, கெட்டியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடாமல் எழுதி வைத்தார். 1850 பிப்ரவரியில் விலங்கியல் கழகத்தில் கட்டுரையை வாசித்தார். அது அச்சேறியது 1862இல். என்ன உறுப்பு, எதற்காக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

எலும்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் என்ன உறவு என்று இன்று மருத்துவ ஏடுகளில் நடக்கும் விவாதத்துக்கு, ஒரு வகையில், இந்தக் காண்டாமிருகத்தின் கழுத்துதான் முதல் பக்கம்.

அந்த மஞ்சள் உறுப்பு பாராதைராய்டு சுரப்பி. மனிதனுக்குப் பெரும்பாலும் நான்கு இருக்கும், தைராய்டின் முதுகில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவு. எடை 30, 40 மில்லிகிராம். பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தைராய்டின் வேலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதற்கு ஒரே வேலை, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது.

உடம்பில் உள்ள கால்சியம் மொத்தம் ஒரு கிலோ அளவு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்புக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளிதான். ஆனால் நரம்பு செய்தி கடத்துவதற்கும் தசை சுருங்குவதற்கும் இதயம் துடிப்பதற்கும் மூளை தன் வேலையைச் செய்வதற்கும் அந்தத் துளி சரியான அளவில் இருந்தாக வேண்டும். எலும்பை ஒரு குதிர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் அரிசி குறைந்தால் குதிரைத் திறந்து ஒரு படி எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் அல்லவா? பாராதைராய்டு அந்தச் சாவியை வைத்திருக்கும் ஆள். சாவிக்காரருக்குப் புத்தி பேதலித்து ராப்பகலாகக் குதிரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் குதிர் காலியாகும், எலும்பு பஞ்சாகும். கொட்டிய நெல் போகிற இடமெல்லாம் அடைக்கும், சிறுநீரகத்தில் கல் சேரும். அடுப்படியில் என்ன ஆகும் என்பதுதான், அதாவது கால்சியம் பெருகிய ரத்தத்தில் மூளை என்ன பாடு படும் என்பதுதான், கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி.

மனிதக் கழுத்தில் இந்தச் சுரப்பியை முதலில் கண்டு சொன்னவர் பெயர் பெற்ற பேராசிரியர் அல்ல. சுவீடனின் உப்சாலா நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். 1877இல் ஒரு நாயின் கழுத்தை அறுத்துப் பார்க்கும்போது தைராய்டை ஒட்டி ஒரு சின்னஞ்சிறு உறுப்பைக் கண்டார். நிணநீர் முடிச்சாக இருக்கலாம் என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் விடவில்லை. பூனை, முயல், மாடு, குதிரை என்று தேடினார். பிறகு 50 மனிதச் சடலங்களில் தேடினார். மனிதனில் இருக்காது என்ற எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார். இருந்தது. பக்கவாட்டில் இருப்பதால் பாராதைராய்டு என்று அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

கட்டுரையை ஜெர்மனிக்கு அனுப்பினார். ருடால்ஃப் விர்ஷோ நடத்திய ஏடு அன்று நோய்க்குறியியலின் சந்நிதானம். அதில் வந்தால் ஐரோப்பா முழுக்கத் தெரியும். நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1880இல் உப்சாலா மருத்துவச் சங்கத்தின் உள்ளூர் ஏட்டில், சுவீடிஷ் மொழியில் வந்தது. படித்தவர்கள் மிகச் சிலர். அதற்குள் ஓவனின் வரிகளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சாண்ட்ஸ்ட்ரோமையும் மறக்க அதிக காலம் ஆகவில்லை.

பல ஆண்டுகள் மனநோயோடு போராடிய சாண்ட்ஸ்ட்ரோம், 1889இல் தம் 37ஆம் வயதில் தம்மை மாய்த்துக்கொண்டார். எலும்பையும் மனத்தையும் இணைக்கும் சுரப்பியைக் கண்டவரே மனம் உடைந்து போனார் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அவருடைய நோய்க்கும் அவர் கண்டுபிடித்த உறுப்புக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அவர் குடும்பத்திலேயே மனநோய் இருந்தது. இது தற்செயல், தற்செயலாகவே இருக்கட்டும்.

சுரப்பியின் வேலையைக் கற்றுக்கொடுத்தவை அறுவை அரங்கில் நடந்த விபத்துகள். 1870களில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் முன்கழுத்துக் கழலைகளை அறுத்து எடுக்கத் தொடங்கியிருந்தார். அறுவை நன்றாகவே முடியும். மறுநாள் நோயாளியின் விரல்கள் பறவையின் அலகுபோல் குவிந்து இறுகும். கன்னத்தைத் தட்டினால் உதடு வெட்டி இழுக்கும். குரல்வளை இறுகி மூச்சு நின்றவர்களும் உண்டு. தைராய்டோடு சேர்த்து, தெரியாமலே, நான்கு நெல்மணிகளையும் எடுத்துவிடுகிறோம் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. 1891இல் பாரிஸில் யூஜீன் கிளே அந்தத் திசையைக் காட்டினார். 1896இல் இத்தாலியில் வசாலேயும் ஜெனராலியும் பாராதைராய்டை மட்டும் எடுத்து அதே இழுப்பு வருவதைக் கண்டார்கள். 1909இல் அமெரிக்காவில் மெக்காலமும் வோக்ட்லினும் அப்படிப்பட்ட விலங்குக்குக் கால்சியத்தை ஊசியில் ஏற்றி இழுப்பை நிறுத்தினார்கள். கழுத்து அறுவை முடிந்த நோயாளியின் கன்னத்தை விரலால் தட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் வார்டில் உண்டு. அங்கே நிற்பவர்களில் பலருக்கு அதன் பின்னால் இருக்கும் சாவுகள் தெரியாது.

இதெல்லாம் சுரப்பி இல்லாமற்போனால் வருவது. மிஞ்சிப்போனால்?

அதே 1891இல், விர்ஷோவின் 70ஆம் பிறந்தநாளுக்காக வெளியிட்ட மலரில், ஃபிரெட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் ஒரு விசித்திர எலும்பு நோயை விவரித்தார். எலும்புக்குள் நீர்க்கட்டிகள், பழுப்பு நிற வீக்கங்கள், தொட்டால் ஒடியும் பலவீனம். சுரப்பியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் கொடுக்காத ஆசிரியரின் பிறந்தநாள் மலரில்தான் அந்தச் சுரப்பியால் வரும் நோய் முதன்முதலாக விரிவாகப் பதிவானது. இரண்டையும் முடிச்சுப் போடத்தான் அன்று ஆள் இல்லை.

1904இல் மாக்ஸ் அஸ்கனாசி இப்படிப்பட்ட ஒரு நோயாளியின் சடலத்தில் பாராதைராய்டுக் கட்டியைக் கண்டார். வியன்னாவின் யாக்கோப் எர்ட்ஹைமும் எலும்பு நோயாளிகளிடம் பருத்த பாராதைராய்டைக் கண்டார். அவர் சொன்ன விளக்கம் தலைகீழ். எலும்பு கெட்டுப்போனதால், அதை ஈடுகட்டச் சுரப்பி பாவம் கூடுதலாக உழைத்துப் பருக்கிறது என்றார். சில நோய்களில் அது உண்மையும்கூட. வைட்டமின் டி பற்றாக்குறையில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பொருத்தியதால் அடுத்த இருபது ஆண்டுகள், சுரப்பியைத் தண்டிக்க வேண்டிய இடத்தில் அதற்குச் சத்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1915இல் ஷ்லாகன்ஹவுஃபர் என்பவர், ஒரே ஒரு சுரப்பி மட்டும் பருத்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்றார். முதல் உலகப் போர்க்காலம். கேட்டுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

அந்தப் போரிலிருந்து காசநோயோடு திரும்பியவர் ஆல்பர்ட் யானே. வியன்னாவில் டிராம் கண்டக்டர். காசநோய்க்குத் தமிழில் எலும்புருக்கி என்று இன்னொரு பெயர் உண்டு. யானேயின் எலும்பை உண்மையிலேயே உருக்கியது வேறு நோய். காலிலும் இடுப்பிலும் வலி, ஓயாத அசதி. ஓடும் வண்டியில் ஏறி இறங்கிச் சீட்டுக் கிழிக்கிற வேலை. கொஞ்ச நாளில் நிற்கவே முடியவில்லை. 1924இல் தொடை எலும்பு முறிந்தது. சிறுநீர் கலங்கலாக, அடியில் வெள்ளைப் படிவோடு போனது. குதிர் அந்த வழியாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

வைத்தியம் பார்த்த ஃபெலிக்ஸ் மாண்டல் எர்ட்ஹைமின் ஊர்க்காரர். ஊர்க்கொள்கைப்படிதான் தொடங்கினார். முதலில் பாராதைராய்டுச் சாறு கொடுத்தார். பலனில்லை. பிறகு, விபத்தில் இறந்த ஒருவரின் கழுத்திலிருந்து பாராதைராய்டுகளை எடுத்து யானேயின் உடம்பில் வைத்துத் தைத்தார். கொள்ளை போகிற வீட்டில் இன்னும் நாலு திருடர்களை இறக்கிவிட்டது போலாயிற்று. யானே மேலும் மோசமானார்.

மாண்டலின் பெருமை இதற்குப் பிறகு அவர் செய்ததில் இருக்கிறது. தன் ஊர் மேதையின் கொள்கை தவறாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். 1925 ஜூலை 30 அன்று, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, விழித்திருந்த யானேயின் கழுத்தைத் திறந்தார். இடப்பக்கக் கீழ்ச் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில், நெல்மணி அளவு இருக்க வேண்டியது 21 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பருத்து நின்றது. வெட்டி எடுத்தார். சில நாட்களிலேயே சிறுநீரில் கால்சியம் குறைந்து படிவு மறைந்தது. வலி விட்டது. படுக்கையில் கிடந்தவர் அந்த ஆண்டு முடிவதற்குள் ஊன்றுகோலோடு நடந்தார். டிசம்பரில் மாண்டல் அவரை வியன்னா மருத்துவர் சங்கத்தின் முன்னால் நிறுத்திக் காட்டினார்.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. ஆறேழு ஆண்டுகளில் நோய் திரும்பியது. 1933இல் மறுபடி கழுத்தைத் திறந்தார்கள், கட்டி எதுவும் அகப்படவில்லை. 1936இல் யானே இறந்தார். யூதரான மாண்டல் 1938இல் வியன்னாவை விட்டு எருசலேமுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பி வந்தார்.

இந்தக் கட்டியைத் தேடுவது எத்தனை வில்லங்கமான வேலை என்று தெரிய வேண்டுமானால், அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்ட்டெல்லின் கதையைக் கேட்க வேண்டும். வணிகக் கப்பலில் தலைவராக இருந்த ஆறடி ஒரு அங்குல மனிதர். 1919 வாக்கில் உடம்பு தளரத் தொடங்கியது. எலும்புகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. முதுகெலும்பு நசுங்கி நசுங்கி, சில ஆண்டுகளில் ஏழு அங்குலம் குள்ளமாகிப் போனார். சட்டை அதேதான், ஆள்தான் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

1926இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் யூஜீன் டுபுவா அவரைப் பார்த்தார். அந்தச் சமயம் பாஸ்டனில் ஜோசப் ஆப் என்பவர் வேறொரு ஆராய்ச்சியில் இருந்தார். ஈயம் ஏறிய தொழிலாளர்களின் எலும்பில் தங்கிவிட்ட ஈயத்தை வெளியே இழுக்க, கோலிப் என்பவர் அப்போதுதான் பிரித்தெடுத்திருந்த பாராதைராய்டுச் சாற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈயம் வெளியேறும்போது கால்சியமும் வெளியேறும், ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மார்ட்டெல்லின் ரத்தத்தைப் பார்த்த டுபுவாவுக்குப் பொறி தட்டியது. இந்த ஆளுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை, ஆனாலும் ஆப்பின் நோயாளி போலவே இருக்கிறாரே! பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு அனுப்பினார்.

1926இல் இரண்டு முறை அவர் கழுத்தைத் திறந்தார்கள். 1929இல் நியூயார்க்கில் இன்னொரு முறை. 1932இல் மறுபடியும் பாஸ்டனில் அடுத்தடுத்து. ஆறு அறுவைகள் முடிந்தும் கட்டி சிக்கவில்லை.

சிக்காததற்குக் காரணம் கருவிலேயே இருக்கிறது. கீழ்ப் பாராதைராய்டுகள், கருவில், நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியோடு ஒரே பையிலிருந்து பிறந்து ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. கழுத்தில் இறங்கிக்கொள்ள வேண்டிய பயணி, தூங்கிப்போய் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவது போல, சில பேருக்கு அது நெஞ்சுக்கூடு வரை போய்விடும். மார்ட்டெல் சும்மா படுத்திருக்கிற நோயாளி அல்ல. மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூறு படித்துவிட்டு, நெஞ்சைத் திறந்து பாருங்கள் என்று அவரே வற்புறுத்தினார். எட்வர்ட் சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் ஏழாவது அறுவையில் மார்பெலும்பைப் பிளந்தார்கள். மூன்று சென்டிமீட்டர் கட்டி அங்கே உட்கார்ந்திருந்தது. மொத்தமாக எடுத்தால் இழுப்பு வருமே என்று ஒரு துணுக்கை மட்டும் ரத்தக் குழாயோடு விட்டுவைத்தார்கள். ஆறு வாரம் கழித்து, பழைய நோயின் மிச்சமான சிறுநீரகக் கல் ஒன்று குழாயை அடைத்தது. அதற்கான அறுவைக்குப் பின் மார்ட்டெல் இறந்தார்.

கோப் பிணவறையில் மாதக்கணக்கில் பழகியதெல்லாம் இந்த வேட்டைக்காகத்தான். நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கொழுப்பு வெளிர் மஞ்சள், நிணநீர் முடிச்சு சாம்பல் சிவப்பு, பாராதைராய்டு மட்டும் கடுகுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே ஒரு நிறம். ஒரு சொட்டு ரத்தம் கசிந்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். சந்தேகமான துண்டை உப்புநீரில் போட்டுப் பார்ப்பார்கள். கொழுப்பு மிதக்கும், சுரப்பி அமிழும். ஊர்ப்பக்கம் விதைநெல்லைத் தண்ணீரில் போட்டுப் பதரைக் கழிக்கிற அதே கணக்கு.

இதுவரை வந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ட்டெல்லின் உயரம் தெரிகிறது, இழந்த அங்குலம் தெரிகிறது. யானேயின் கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிகிறது. அவர்கள் மனம் எப்படி இருந்தது என்பது எங்கும் பெரிதாக வரவில்லை. ஏழு வருடம் எலும்பு ஒடிந்துகொண்டே இருந்த ஒருவருக்கு மனம் சோர்ந்திருந்தால்தான் என்ன ஆச்சரியம், அதை நோய்க்குறி என்று எழுதுவானேன் என்று அன்றைய மருத்துவர்கள் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பில் நியாயமும் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எலும்பு முறிந்ததால் மனம் முறிந்ததா, அல்லது இரண்டையும் ஒரே கை முறித்ததா?

மருத்துவ மாணவர்கள் இந்த நோயை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் எதுகைத் தொடர் ஒன்று உண்டு. கல், எலும்பு, வயிற்று முனகல், மனப்புலம்பல் என்பது அதன் சாரம். 1957இல் செயின்ட் கோர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையில் முதல் மூன்றுதான் இருந்தன. மனப்புலம்பல் பின்னாலே வந்து ஒட்டிக்கொண்டது. வந்த வரிசையே பாடத்திலும் வரிசையாகிவிட்டது. கல்லை எக்ஸ்ரேயில் பார்க்கலாம், எலும்பையும் பார்க்கலாம், வயிற்றை அமுக்கிப் பார்க்கலாம். புலம்பலை என்ன செய்வது?

1968இல் பீட்டர் பீட்டர்சன் அதையும் ஒழுங்காகப் பதிவு செய்தார். பாராதைராய்டு நோயாளிகளின் மனநிலையையும் ரத்தக் கால்சியத்தையும் அருகருகே வைத்தார். கால்சியம் சற்றே ஏறியவர்களிடம் ஊக்கமின்மையும் சோர்வும், எதிலும் பிடிப்பில்லாத வெறுமையும். மிக அதிகமாக ஏறியவர்களிடம் குழப்பம், பிதற்றல். படி ஏற ஏறப் பாதிப்பும் ஏறியது. வெறும் வலியால் வந்த மனக்கஷ்டம் இப்படிக் கால்சிய அளவைப் பார்த்துக் கணக்காக ஏறி இறங்குமா என்ற கேள்வி அதோடு எழுந்தது.

அடுத்த முக்கியமான பதிவு 1980களில் உப்சாலாவிலிருந்து வந்தது. ஆமாம், சாண்ட்ஸ்ட்ரோமின் உப்சாலாதான். யோபோர்ன் என்பவரும் கூட்டாளிகளும் அறுவைக்கு வந்த நோயாளிகளை முன்னும் பின்னும் மனநல அளவுகோல் கொண்டு மதிப்பிட்டார்கள். தண்டுவட நீரை எடுத்து மூளை ரசாயனங்களின் எச்சங்களைச் சோதித்தார்கள். அசதி, சோர்வு, மறதி என்று வந்தவர்களில் பலர், சுரப்பியை எடுத்த பின் தெளிந்தார்கள். எவ்வளவு நாளாக அப்படி இருந்தோம் என்பதே தெளிந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லும் நோயாளிகளை இந்தத் துறை அறுவை மருத்துவர்கள் இன்றும் சந்திக்கிறார்கள்.

இந்த நோய் பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வருகிறது. அதிலும் மாதவிடாய் நின்ற பிறகான வயதில் அதிகம். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்கு, எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது" என்று ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கும்? வயசாச்சில்ல. ஆஸ்பத்திரியிலும் பல நேரம் அதே பதில்தான், கூட ஒரு சத்து மாத்திரை. அந்த ஒரு வாக்கியத்திலேயே எலும்பும் மனமும் சேர்ந்து வந்துவிட்டன என்பதைக் கேட்கிற காது வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970களில் ஒரு யந்திரம் இந்த நோயின் முகத்தையே மாற்றியது. ஒரு குழாய் ரத்தத்தில் ஒரே மூச்சில் பல சோதனைகளைச் செய்யும் தானியங்கிக் கருவி வந்தது. வேறு எதற்கோ கொடுத்த ரத்தத்தில் கால்சியம் கூடுதல் என்று அச்சாகி வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென்று பல மடங்கானது. அவர்களில் யாரும் யானே போலவோ மார்ட்டெல் போலவோ இல்லை. எலும்பு ஒடியவில்லை, கல் இல்லை. அறிகுறியற்ற நோயாளி என்று ஒரு புதுப் பிரிவே உண்டாயிற்று. அந்தப் பெயர்மேல்தான் சண்டை தொடங்கியது. அசதியையும் சோர்வையும் தூக்கமின்மையையும் அறிகுறிக் கணக்கிலேயே சேர்க்காதவர்களுக்குத்தான் அவர்கள் அறிகுறியற்றவர்கள்.

இந்தியாவில் கதை வேறு. டெல்லி, லக்னோ, வேலூர் என்று பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால், இங்கே நோயாளிகள் மேலை நாட்டவரைவிட இளம் வயதில், பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், முறிந்த எலும்போடும் பழுப்புக் கட்டிகளோடும் வருகிறார்கள். வைட்டமின் டி பற்றாக்குறையும் கூடவே இருக்கிறது. ரெக்லிங்ஹவுசன் விவரித்த, லண்டனிலும் பாஸ்டனிலும் இப்போது பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கிற நோயை, இங்கே பயிற்சி மருத்துவர்கள் நேரில் பார்க்கிறார்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கால்சியமும் ஒன்று என்ற பழக்கம் இங்கே பரவலாக வேரூன்றாததே இதற்குப் பெரிய காரணம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு வரை பார்ப்பார்கள். பக்கத்து வீடு விட்டுப்போகும்.

எலும்பிலிருந்து மனத்துக்கு வரும் பாதை இப்படி என்றால், மனத்திலிருந்து எலும்புக்குப் போகும் பாதையும் உண்டு என்ற சந்தேகம் 1990களில் வலுத்தது. 1994இல் ஜெர்மனியின் உல்ரிச் ஷ்வைகர், மனச்சோர்வு நோயாளிகளின் முதுகெலும்பில் அடர்த்தி குறைவதாக எழுதினார். 1996இல் அமெரிக்காவின் டேவிட் மிகல்சன் குழு, மனச்சோர்வு உள்ள அல்லது முன்பு இருந்த 24 பெண்களையும், வயது எடை எல்லாம் ஒத்த, சோர்வில்லாத 24 பெண்களையும் ஒப்பிட்டது. சராசரி வயது நாற்பதை ஒட்டி, மாதவிடாய் நிற்காத பருவம். அப்படியிருந்தும் சோர்வுற்றவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 6.5 சதவீதம் குறைவு. இடுப்பில் இழப்பு அதைவிட அதிகம்.

ஏன்? ஹார்வி குஷிங் 1912இலும் 1932இலும் விவரித்த வேறொரு நோய் ஒரு துப்பு கொடுத்திருந்தது. அதில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுமீறிச் சுரக்கும். எலும்பு மெலியும், மனமும் இருளும். மனச்சோர்விலும் பலருக்குக் கார்டிசால் கூடுகிறது. சாப்பாடு குறைகிறது, வெளியே நடமாட்டம் நிற்கிறது, வெயில் மேலே படுவதில்லை. 2006இல் எருசலேமில் யிர்மியா, பாப் ஆகியோரின் குழு எலிகளைத் தொடர்ந்து தொல்லைக்குள்ளாக்கிச் சோர்வடையச் செய்தது. எலும்பு குறைந்தது. சோர்வு மருந்து கொடுத்தபோது அந்த இழப்பு நின்றது. பரிவு நரம்பு மண்டலத்தின் செய்தியைத் தடுக்கும், இதய நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றும் இழப்பைக் குறைத்தது. மூளையிலிருந்து எலும்புக்கு நேராகவே ஒரு கம்பி போகிறது போலும்.

இத்தனைக்குப் பிறகும், மனம் சோர்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பாராதைராய்டை எடுக்கலாமா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. லேசான நோயுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை செய்து பார்த்தார்கள். 2004இல் டெட்ராய்டில் சுதாகர் ராவ் குழு நடத்திய ஆய்வில் சிறிய நன்மை தெரிந்தது. 2007இல் வெளிவந்த, 191 பேரைக் கொண்ட ஸ்காண்டிநேவிய ஆய்வில், நோயாளிகளின் மனநலம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டு கழித்தும் அறுவையால் அது மேம்பட்டதாகத் தெரியவில்லை. சர்வதேச நெறிமுறைகள் எலும்பு முறிவு, எலும்புத் தேய்வு, கல், கால்சிய அளவு, ஐம்பதுக்குக் குறைந்த வயது ஆகியவற்றை அறுவைக்குக் காரணமாக ஏற்கின்றன. மனநிலையை ஏற்பதில்லை. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி அறுவை மருத்துவர் சங்கமோ 2016இல், மனக்குறிகள் இந்த நோயால்தான் என்று தோன்றினால் அறுவை செய்யப் பரிந்துரைத்தது. கத்தி பிடிப்பவர்களுக்கும் மருந்துச்சீட்டு எழுதுபவர்களுக்கும் இந்த விஷயத்தில் இரண்டு பார்வை.

புலம்பலை எப்படியாவது எண்ணாக்கிவிட வேண்டும் என்று முயன்றவர்களில் கனடாவின் ஜேனிஸ் பசியேகாவும் ஒருவர். 1998இல் அவர் குழு வெளியிட்ட வினாத்தாளில் 13 கேள்விகள். எலும்பு வலிக்கிறதா, சீக்கிரம் களைத்துப் போகிறீர்களா, மனம் சோர்ந்திருக்கிறதா, எரிச்சல் வருகிறதா, மறதி உண்டா, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறீர்களா, தாகம் எடுக்கிறதா. கல்லும் எலும்பும் முன்னே, மனம் பின்னே என்ற வரிசை இதில் இல்லை. எலும்பு வலிக்கு அடுத்த சில வரிகளிலேயே மனச்சோர்வும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு கோடு, ஒரு முனையில் சுத்தமாக இல்லை, மறுமுனையில் தாங்க முடியவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் நோயாளி பேனாவால் கோட்டின் மேல் ஓர் இடத்தில் குறுக்கே கீறுகிறார். ஒரு வாரம் கழித்து, பிறகு சில மாதம் கழித்து, புதுத் தாளில் மறுபடியும் கீறுகிறார். முனையிலிருந்து அந்தக் கீறல் வரை அடிக்கோலை வைத்து, இத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்கிறார்கள்.